அரை விரல்

தலையணை உறையைப் போலத்தான் இந்தப் பையையும் உள்பக்கம் வெளியே தெரியும்படி தைத்து, பிறகு வாய் வழியாக இழுத்துத் திருப்ப வேண்டும். தலையணை உறை என்றால் ஓர் உதறில் திரும்பிவிடும். தோல் அப்படி மசியாது. அத்தை பையை மடியில் கிடத்தி, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, ஒரு மூலையைப் பிடித்து இழுத்தாள். நெற்றி நரம்பு புடைத்தது. பிறகு அடுத்த மூலை. முனை மழுங்கிய மரக்குச்சியால் ஒவ்வொரு மூலையையும் உள்ளிருந்து குத்தி வெளியே தள்ளினாள். பை ஒருவழியாக முகம் காட்டியது. அதை மேசையில் நிறுத்தி, நர்சம்மா அளவுக்காகக் கொடுத்துவிட்டுப் போயிருந்த ஸ்டீல் டப்பாவை எடுத்து உள்ளே இறக்கினாள்.

டப்பா வாயிலேயே நின்றுவிட்டது.

"மாப்பிள்ளை, இது நர்சம்மா டப்பாதானே?"

"ஆமா அத்தை."

"வேற எதுவும் மாறிப் போகலையே?"

"இல்ல அத்தை."

அத்தை டப்பாவைக் குறுக்காக வைத்துப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். டப்பா என்ன, துணியா மடங்குவதற்கு? இன்னும் தைக்காமல் அடுக்கி வைத்திருந்த துண்டுகளில் ஒன்றை எடுத்து அதன் மேல் அளவு அட்டையை வைத்தாள். அட்டையும் தோலும் மயிரிழை கூடப் பிசகாமல் பொருந்தின. வெட்டிய அவனுக்கு உள்ளுக்குள் லேசான பெருமை கூட வந்தது.

"அட்டையை வச்சு அப்படியே வெட்டினீங்களா?"

"ஆமா அத்தை. கோட்டை விட்டு எங்கயும் விலகல."

அத்தை முக்காலியில் உட்கார்ந்தாள். அட்டையையும் தோலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளையும் மீறி வாயில் வந்துவிட்டது: "ஏன்டா, தையலுக்கு எடம் விட மாட்டியாடா?"

அந்த வீட்டில் யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. மனைவி இருந்தபோதும் சரி, போன பிறகும் சரி, அத்தைக்கு அவன் வாங்க, போங்க, சாப்பிடுங்கதான். சொன்னது காதில் விழாத மாதிரி இருவரும் இருந்தார்கள். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தையலுக்கு அரை விரல் விட்டில்ல வெட்டணும் மாப்பிள்ளை" என்று குரலைத் தாழ்த்தினாள்.

ஆணியில் மாட்டியிருந்த பழைய அட்டைகள் எல்லாம் மாமனார் காலத்தவை. அவற்றில் தையலுக்கான இடமும் சேர்ந்தே இருக்கும். அட்டையை வைத்துக் கோடு போட்டு, கோட்டிலேயே வெட்டினால் போதும். அவன் அப்படித்தான் வெட்டிப் பழகியிருந்தான். வீடு வீடாகப் போகும் நர்சம்மாவின் பைக்கான அட்டைகள் வேறு. அவை அவன் மனைவி வரைந்தவை. நர்சம்மா தன் சாமான்களை எல்லாம் இதே மேசையில் பரப்பி வைக்க, ஒவ்வொன்றையும் அளந்து, பை முடிந்த பிறகு எந்த அளவில் இருக்க வேண்டுமோ அந்த அளவுக்கே அட்டையை வெட்டியிருந்தாள். தையலுக்கான அரை விரலை அவள் அட்டையில் சேர்ப்பதே இல்லை. தோலில் கத்தி ஓடும்போது கண்ணாலேயே சேர்த்துக்கொள்வாள்.

"அவ சொல்லலையா உங்ககிட்ட?"

"இல்ல."

சொல்வதற்கு என்ன அவசியம் இருந்தது? அவள் வெட்டுவாள், அம்மா தைப்பாள். அவன் அப்போது இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து யார் யாருடைய விபத்துகளையோ வகைப்படுத்திக்கொண்டிருந்தான். சாயங்காலம் வந்து, தோல் வாசனையும் ரப்பர் பசையின் நெடியும் கலந்த இந்த அறையைத் தாண்டி மாடிக்குப் போவான். அவ்வளவுதான் அவனுக்கும் இந்த வேலைக்கும் இருந்த உறவு. அட்டைகளை வரைந்து முடித்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு போய்விட்டாள்.

அவன் ஆபீசுக்குப் போவதை நிறுத்தியதை ஒரு முடிவு என்று சொல்ல முடியாது. ஒரு நாள் மாடியிலிருந்து இறங்கியவன் வாசலுக்குப் போகாமல் அவளுடைய முக்காலியில் உட்கார்ந்தான். அத்தை பட்டை ஒன்றையும் மெழுகையும் ஒரு கந்தல் துணியையும் அவன் முன்னால் வைத்தாள். தேய்த்தான். அன்றிலிருந்து யார் என்ன சொன்னாலும் "சரி" என்றான். சாப்பிடுங்க என்றால் சரி. தூங்குங்க என்றால் சரி. எதிர்க்கடையில் பக்கிளும் ஜிப்பும் வளையமும் விற்பவர் அவனுக்கு 'சரி சார்' என்று பெயரே வைத்துவிட்டார். "சரி சார், உங்க கடையை எனக்கு எழுதிக் குடுத்துடறீங்களா?" என்று ஒரு நாள் கேட்டார். அதற்கும் வாய் தானாக அதையே சொல்லப் போய், அத்தையே சிரித்துவிட்டாள்.

போன மாதம் மச்சான் வந்தபோதும் சரி என்றுதான் சொன்னான். மனைவியின் அண்ணன். வேறு ஊரில் வேலை, நல்ல மனுஷன். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை போட்டுப் பேசினார். "எத்தனை நாளைக்கு மாப்ள இப்படி? அம்மாவை நான் கூட்டிட்டுப் போயிடறேன். மெஷினை யாருக்காவது குடுத்துடலாம். நீங்க சின்ன வயசு. உங்க வீட்டுக்குப் போய், வேற ஒரு வாழ்க்கையைப் பாருங்க. தங்கச்சியே இல்லைன்னு ஆன பிறகு நீங்க இங்க என்னன்னு இருப்பீங்க?"

கடைசிக் கேள்வியை அவர் குத்தலாகக் கேட்கவில்லை. பதில் தெரியாமல்தான் கேட்டார். அவனுக்கும் தெரியவில்லை. மகள் போன பிறகு மருமகன் என்ற உறவு எதில் நிற்கிறது? பிள்ளை குட்டி இருந்தாலாவது அதைச் சாக்கு வைத்து நிற்கலாம். இரவில் படுத்தால் அதுதான் சுற்றிச் சுற்றி வரும். கேட்க ஒரே ஆள்தான் உண்டு, அது அத்தை. அத்தை "போ" என்று சொல்லிவிட்டால்? அதனால் கேட்கவில்லை. அத்தை மகனிடம் சொன்னது இவ்வளவுதான்: "நர்சம்மா பையை முடிச்சிடறேன். அது புடிச்சுப் போய் எல்லா நர்சுக்கும் கேட்டாங்கன்னா இருக்கேன். இல்லைன்னா வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவதாக மச்சான் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை நர்சம்மா வருவாள். இன்று சனிக்கிழமை. மூன்று மாதிரிப் பைகளுக்கான தோலும் அரை விரல் குறைவாக வெட்டப்பட்டு மேசை மேல் கிடந்தது.

"வேற தோல்?" என்று கேட்டான்.

"பதனிடுற எடத்துல அடுத்த தொட்டி எடுக்க இன்னும் நாளாகும்னு சொல்லிட்டாங்களே." மிச்சத் தோலை அத்தை விரித்தாள். ஒரு மாட்டின் பாதி உடம்பு தட்டையாகக் கிடந்தது. முதுகை ஒட்டிய பகுதிதான் கெட்டியாக, ஒரே சீராக இருக்கும். பையின் முகம் அதிலிருந்துதான் வர வேண்டும். அதை முழுக்க அவன் வெட்டியாகிவிட்டது. வயிற்றுப் பகுதி கிடந்தது, இழுத்தால் நீண்டுகொண்டே வரும். உள்பைக்குத்தான் ஆகும். கால் பக்கம் முள்வேலி கீறிய தழும்புகள். கழுத்துப் பகுதி தடிமன்தான், ஆனால் மாடு தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மடிப்புகள் எல்லாம் அதில் வரி வரியாக விழுந்திருந்தன.

அத்தை சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரங்கள் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டன.

அவன் அந்த அட்டையைக் கையில் எடுத்தான். விளிம்பில் பென்சில் கோடு. மூலையில் அவள் சரித்து எழுதியிருந்த 'முன்'. நான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறான். அவள் இப்படித்தான் அளவு எடுப்பாள் என்பது இன்றுதான் தெரிகிறது. யோசித்தால் தெரிந்திருக்க வேண்டியதுதான். அவனுக்குச் சட்டை வாங்கினால் ஒரு அளவு பெரிதாகவே வாங்குவாள். தொளதொளவென்று இருக்கிறதே என்றால், "உள்ள ஒரு மனுஷன் மூச்சு விட வேண்டாமா?" என்பாள். அவளைப் பற்றி இனி புதிதாக எதுவும் தெரிய வராது என்று இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு தோலைப் பாழாக்கியதில் ஒன்று தெரிய வந்திருக்கிறது. இன்னும் எத்தனை பாக்கியோ. மார்புக்குள் ஏதோ அசைந்தது. வலிதான், ஆனால் அசைந்தது.

முன் துண்டையும் பக்கவாட்டுப் பட்டையையும் எடுத்து, சும்மா, உள்பக்கங்கள் ஒட்டும்படி சேர்த்துப் பிடித்தான். தைத்துத் திருப்பும்போதுதான் அரை விரல் உள்ளே போய்விடுகிறது. திருப்பவே இல்லையென்றால்?

"அத்தை, வெளிப்பக்கமாவே தைச்சா?"

பாத்திரச் சத்தம் நின்றது. "ஓரம் வெளிய தெரியுமே."

"தெரிஞ்சா என்ன?"

அத்தை ஈரக் கையோடு வந்து நின்றாள். அவன் பிடித்திருந்த ஓரத்தை வாங்கி, நகத்தால் அழுத்திப் பார்த்தாள். "வெளித் தையலுக்கு ஓரத்திலேர்ந்து ஒரு நூல் அளவு எடம் இருந்தாப் போதும்..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "நல்ல வேளை, இது மரப்பட்டையில ஊறின தோலு. ரசாயனத்துல ஊறினதா இருந்தா ஓரம் நூல் நூலாப் பிசிறடிச்சு நிக்கும், எதைப் போட்டுத் தேய்ச்சாலும் படியாது. இது தேய்க்கத் தேய்க்கப் படியும்." டப்பாவை முன் துண்டின் மேல் வைத்துப் பார்த்தாள். "அகலம் ஒத்துக்கும். ஆனா இறுக்கமா இருக்கும். பக்கப் பட்டையை இன்னும் கொஞ்சம் அகலமா போட்டாத்தான் கை உள்ள போகும். பட்டைக்கு எங்க போறது?"

"கழுத்து?"

"சுருக்கமா இருக்கே."

"பக்கத்துலதானே அத்தை. முகத்துல இல்லையே."

அத்தை அவனை ஒரு மாதிரி பார்த்தாள். இத்தனை மாதத்தில் அவன் அவளோடு எதற்கும் மல்லுக்கு நின்றதில்லை. "வெட்டுங்க பாக்கலாம்" என்றாள். "அரை விரலை விட்டு."

தைத்துத் திருப்பிய முதல் பை போனது போனதுதான். துணியில் தையலைப் பிரித்தால் துளை மூடிக்கொள்ளும், தோலில் மூடாது. மற்ற இரண்டையும் காப்பாற்றலாம். கழுத்துத் தோலில் ஒரே நீளத்துக்குப் பட்டை கிடைக்கவில்லை. இரண்டாக வெட்டி, அடியில் வரும் இடத்தில் ஒட்டுப் போட்டார்கள். ஒட்டு திண்டாகத் தெரியாமல் இருக்க இரண்டு முனைகளையும் அத்தை சாய்வாகச் சீவினாள். கத்தியின் அடியிலிருந்து தோல் வெங்காயச் சருகு மாதிரி சுருண்டு விழுந்தது. ஒரு முனை முடிந்ததும் கத்தியை வைத்துவிட்டு மணிக்கட்டை நீவிக்கொண்டாள். "குடுங்க அத்தை" என்று அவன் அடுத்த முனையை வாங்கிக்கொண்டான். முதல் சீவலில் கத்தி எகிறி ஓரத்தைக் கடித்தது.  அத்தை கடித்த இடத்தை விரலால் ஒரு தடவு தடவி அவன் பக்கம் திருப்பி வைத்தாள். திட்டினது மாதிரிதான் இருந்தது.

மறுநாள் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், பட்டையிலும் முன் துண்டிலும் பசை பூசிக் காயவிட்டிருந்த நேரம் பார்த்து, வாசலில் வண்டி நின்றது. பசை விஷயத்தில் அவசரமும் ஆகாது, தாமதமும் ஆகாது. இரண்டு பக்கமும் பூசி, விரலை வைத்தால் ஒட்டியும் ஒட்டாமலும் வரும் பதத்தில் சேர்க்க வேண்டும். முந்தினால் வழுக்கும், பிந்தினால் பிடிக்காது. சேர்த்த பிறகு நகர்த்தவும் முடியாது.

மச்சான் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "மாப்ள, ஒரு நிமிஷம் வெளிய வாங்களேன்" என்றார்.

"இப்ப முடியாது மச்சான்."

மச்சான் ஒற்றைச் செருப்போடு நின்றுவிட்டார். அவனிடமிருந்து அவர் எதிர்பார்த்த சொல் அது இல்லை.

"பசை காஞ்சிரும்" என்றான், மன்னிப்புக் கேட்பது போல.

"வந்தவன் மரம் மாதிரி நிக்காம அந்த முனையைப் பிடிடா" என்றாள் அத்தை. "மேல படாம. அந்தரத்துல. ஆங், அப்படியே."

பெரிய மகன், ஆபீசில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவர், இஸ்திரிச் சட்டையோடு பட்டையின் முனையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை நடுவிலிருந்து அழுத்திக்கொண்டே போக, அவன் வளைவுகளில் தோலை மடக்கிக் கொடுத்தான். மூலையில் பட்டை முரண்டு பிடித்தது. "விடு... விடாத... இப்ப விடு!" என்று அத்தை கத்தியதில், விட வேண்டியது எந்தக் கை என்று தெரியாமல் மச்சான் இரண்டையும் விட்டார். பட்டை பாம்பாகத் துள்ளி அவர் சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டது.

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. அவன் சிரிப்பது அவனுக்கே கேட்டது. வேறு யாரோ சிரிப்பது மாதிரி இருந்தது. தொண்டை அதற்குப் பழக்கம் விட்டுப் போயிருந்தது. அத்தை சிரித்துக்கொண்டே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டையிலிருந்து பட்டையை உரித்தெடுத்தாள்.

தையல் போட்டு முடிக்கும் வரை மச்சான் பேச்சை எடுக்கவில்லை. ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்து, தண்ணீர் தொட்டு, மெழுகு பூசி, கந்தலால் அவன் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்ததும்தான் மச்சான் தொண்டையைக் கனைத்தார்.

"அம்மா, வண்டி நிக்குது. டிரைவர் தூங்கியே போயிட்டான்."

"தூங்கட்டும். வயசுப் பையன்."

"நான் என்ன சொல்றேன்னா... உனக்கும் முடியல. மாப்ளயும் எத்தனை நாளைக்கு..."

"அவரைக் கேளு."

 மச்சான் அவனைப் பார்த்தார். அத்தை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவள் படும் பாடு அவனுக்குத் தெரிந்தது. ஊசிக் கண் அவ்வளவு சின்னதில்லை.

"போகச் சொன்னாப் போறேன் அத்தை" என்றான்.

"நான் எதுக்குச் சொல்றேன்?" அத்தை வெடுக்கென்று நிமிர்ந்தாள். "என் வாயிலேர்ந்து அதை மட்டும் வாங்கிட முடியாது. போறதுன்னா நீங்களா போகணும். இருக்கறதுன்னாலும் நீங்களாத்தான் இருக்கணும். நாளைக்கு அந்த நர்சம்மா வேண்டாம்னு சொல்லிட்டா நான் இவன் கூடப் போகத்தான் வேணும். அது வேற. ஆனா எம் பொண்ணு போயிட்டாங்கறதுக்காக நீங்க எனக்கு யாரும் இல்லாம ஆயிடுவீங்களா? நல்லா இருக்கு கதை."

அவன் தேய்த்துக்கொண்டே இருந்தான். சொரசொரவென்று இருந்த ஓரம் விரலுக்கடியில் சூடேறி, இருண்டு, கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிக்கொண்டு வந்தது. பிறகு, "மச்சான், அந்த ரெண்டாவது பையோட ஓரத்தை நீங்க தேய்க்கறீங்களா? கை விட்டுப் போச்சு" என்றான்.

மச்சான் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

சாயங்காலம் வண்டி காலியாகவே திரும்பிப் போனது. "அடுத்த மாசம் வர்றேம்மா" என்றார் மச்சான். "வா. வண்டி இல்லாம வா" என்றாள் அத்தை. அவர் சட்டைப் பையில் பசைக் கறை, உள்ளங்கை அகலத்துக்கு.

திங்கட்கிழமை நர்சம்மா சொன்ன நேரத்துக்கு வந்தாள். உட்காரவில்லை. உட்கார்ந்து பேசும் ரகம் இல்லை அவள். பையை ஒரு கையால் தூக்கி எடை பார்த்தாள். "என்ன, தையலெல்லாம் வெளிய இருக்கு? அந்தப் பொண்ணு வேற மாதிரில்ல சொன்னா?"

"வெட்டும்போது நான்தான் தப்புப் பண்ணிட்டேன்" என்றான் அவன். "அரை விரல் விட்டு வெட்டணும், விடல. அதனால வெளியில தைச்சோம்."

மறைத்திருக்கலாம். புது மாதிரி என்று சொல்லியிருக்கலாம். அத்தை அவனைப் பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்தாள்.

நர்சம்மா தன் பழைய ரெக்ஸின் பையை மேசையில் கவிழ்த்தாள். சாமான்களோடு பஞ்சுத் துணுக்குகளும் ஊசி மூடிகளும் எந்தக் காலத்திலோ உதிர்ந்த ஒரு மாத்திரையும் விழுந்தன. ஸ்டீல் டப்பாவை எடுத்துப் புதுப் பைக்குள் இறக்கினாள். பாதியில் நின்றது.  அவள் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். டப்பா அடியில் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் ரத்த அழுத்தக் கருவி, கையுறைகள், கட்டுத் துணி. உள் மூலைகளில் விரலை விட்டுத் துழாவினாள்.

"உள்ள தையல் மேடே இல்ல. பஞ்சு போய் அடையாது. துடைச்சாப் போச்சு." பக்கப் பட்டையைப் பார்த்தாள். "இது என்ன, சுருக்கம்?"

"கழுத்துத் தோலும்மா" என்றாள் அத்தை. "கெட்டி. ஆனா வயசு தெரியும்."

"எனக்குந்தான் தெரியுது." நர்சம்மா பையை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் உட்கார்ந்து எழுந்தாள். "தோள்ல மாட்டுற பட்டை நீளமா இருக்கு, பை இடுப்புல இடிக்குது. இன்னும் ஒரு ஓட்டை மேல போடணும். மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு கேக்கணும். எனக்குப் புடிச்சிருக்குங்கறதால அவங்களுக்கும் புடிக்கணும்னு இல்ல. இன்னைக்கு ரவுண்டுக்கு இதையே எடுத்துட்டுப் போறேன். அடுத்ததைக் கூட இருக்கறவகிட்ட குடுக்கறேன், அவ எல்லாத்துலயும் குறை கண்டுபிடிக்கறவ."

"அவங்க எந்தத் தோள்ல மாட்டுவாங்க?" என்று அவன் கேட்டான்.

நர்சம்மா யோசித்தாள். "எடது. ஏன்?"

"பக்கிள் எந்தப் பக்கம் வரணும்னு பாக்கத்தான். எல்லாரையும் கேட்டு வச்சிருங்க. ஒவ்வொருத்தருக்கும் தனியா வெட்டிடறேன்."

அத்தை மகளின் முக்காலியை அவன் பக்கமாகச் சத்தமில்லாமல் தள்ளினாள்.

ஓட்டை போட்டு முடித்ததும் நர்சம்மா கிளம்பினாள். அவன் வாசல் வரை வந்து நின்றான். நல்ல வெயில். தெருவின் பாதியில் ஒரு வீட்டு மாடியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். நர்சம்மா இடுப்பில் கை வைத்து அண்ணாந்து நின்று ஏதோ பதில் சொன்னாள். கீழே ஒரு கிழவர் கைத்தடியோடு வாசற்படியில் வந்து உட்கார்ந்து, காலை நீட்டினார். நர்சம்மா பையைத் தோளிலிருந்து இறக்கி அவர் பக்கத்தில் படியில் வைத்தாள். அது சாயாமல் நின்றது. அவர் காலின் பழைய கட்டுத் துணியை ஒரு கையால் அவிழ்த்துக்கொண்டே, ஏதோ வாயடித்துக்கொண்டே, பையின் பக்கம் திரும்பாமலே மற்ற கையை அதற்குள் விட்டாள். தேடவில்லை. கை வெளியே வந்தபோது வெள்ளைத் துணிச் சுருள் ஒன்று வெயிலில் அவிழ்ந்துகொண்டு வந்தது.